யார் கணக்கில்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணிக்கு என் அக்கா மகன் வந்து நின்றான். தோளில் லேப்டாப் பை. முகத்தில் நான்கு நாள் தாடி.

"மாமா, சாஃப்ட்வேர் முடிஞ்சிடுச்சு."

26 வயது. ஓ.எம்.ஆரில் ஒரு பெரிய கம்பெனியில் கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் அந்த வேலையை விட்டுவிட்டு வந்தான். மேடவாக்கத்தில் ஒரு மாடி அறை. கூட ஒரு நண்பன். 11 மாதம் ராப்பகலாக உட்கார்ந்து, அபார்ட்மென்ட் அசோசியேஷன்களுக்காக ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறார்கள். யார் மெயின்டனன்ஸ் கட்டினார்கள், யார் கட்டவில்லை, இந்த மாதம் எத்தனை லாரித் தண்ணீர் வந்தது, லிஃப்ட் ரிப்பேருக்கு எவ்வளவு, தலைக்கு எவ்வளவு, எல்லாம் அதுவே கணக்குப் போடும். ரசீது அனுப்பும். கட்டாதவர்களுக்கு நாசூக்காக நினைவூட்டும். ஃப்ளாட்டில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், இந்த விஷயங்களுக்காக வாட்ஸ்அப் குரூப்பில் எப்பேர்ப்பட்ட யுத்தங்கள் நடக்கின்றன என்று.

எனக்குப் போட்டுக் காட்டினான். நன்றாகவே இருந்தது. பி.காம். படித்தவன் என்ற உரிமையில் இரண்டு குறை சொன்னேன். குறித்துக்கொண்டான்.

"சரிடா. இதை எப்படி விக்கப் போறே?"

அதற்காகத்தான் வந்திருக்கிறான். லேப்டாப்பில் இன்னொரு பக்கத்தைத் திறந்தான். ஓர் அட்டவணை. எந்த வழியில் போனால் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதியிருந்தான்.

முதல் வரி, கூகுள் விளம்பரம். தேடுகிறவர் கண்ணில் படும். ஆனால் விலை அதிகம், தேடுகிறவர்களும் குறைவு.

இரண்டாவது, சென்னை ஃப்ளாட் உரிமையாளர்களின் போன் நம்பர் பட்டியல். யாரோ ஒருவர் பென் டிரைவில் போட்டு விற்கிறார். மலிவு.

மூன்றாவது, ஒரு பட்டன். அசோசியேஷன் செக்ரட்டரி இந்த மென்பொருளைத் தன் போனில் போட்டவுடன் 'தொடர்க' என்று ஒரு பட்டன் வரும். அதைத் தொட்டால் அவர் போனில் உள்ள அத்தனை பேருக்கும் அவர் பெயரிலேயே ஓர் அழைப்பு போய்விடும். அதைவிட மலிவு.

நான்காவது, செக்ரட்டரிக்கு ஒரு 'அன்பளிப்பு'.

ஐந்தாவது வரியைப் படித்தபோது கொஞ்சம் சிரிப்பு வந்தது. 'மாமா எழுதும் பக்கம். செலவு: 0.'

"ஒரே ஒரு வரி மாமா. போற போக்குல எழுதிட்டா போதும்."

எனக்குச் சிரிப்பு நின்றது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே பூஜ்யத்தை நான் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன்.

*

2001. பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். நண்பன் ஒருவன், "ஒரு பிசினஸ் மீட்டிங் இருக்கு, வா" என்று ஒரு ஹோட்டல் ஹாலுக்கு அழைத்துப் போனான். டை கட்டிய ஒருவர் மேடையில் நின்று, "நீங்கள் ஏன் பணக்காரர் ஆகக்கூடாது?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. சேர்ந்துவிட்டேன். சோப்புத் தூள், ஷாம்பு, தரை துடைக்கும் திரவம் விற்க வேண்டும். ஆள் சேர்க்க வேண்டும். சேர்த்த ஆள் இன்னும் ஆள் சேர்க்க வேண்டும்.

முதல் நாள் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். உங்களுக்குத் தெரிந்த 100 பேர் பெயரை எழுதுங்கள் என்றார்கள். "கடை வேண்டாம், விளம்பரம் வேண்டாம். உங்கள் உறவுகள்தான் உங்கள் மூலதனம்" என்றார் டை கட்டியவர்.

என் நோட்டில் முதல் பெயர் அத்தை. அப்பாவின் தங்கை. குரோம்பேட்டையில் இருந்தார். மாமா இறந்த பிறகு ஒரு சின்ன பென்ஷனில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர். நான் போய் ஒரு மணி நேரம் பேசினேன். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பீரோவைத் திறந்து பணம் எடுத்துக் கொடுத்தார். "நீ நல்லா வரணும்டா" என்றார். அடுத்த மாதம் இன்னொரு பாட்டில் விற்றேன். அதற்கடுத்த மாதம் அத்தை வீட்டுக் கதவைத் தட்டியபோது, உள்ளே டி.வி. சத்தம் சட்டென்று நின்றது. கதவு திறக்கவில்லை. நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அந்த வியாபாரத்தை ஆறு மாதத்தில் விட்டுவிட்டேன். அத்தையும் நானும் பிறகு சகஜமாகிவிட்டோம். ஆனால் நான் ஒரு பையோடு போனால் அவர் கண் முதலில் பையைத்தான் பார்க்கும். 2014-ல் அத்தை காலமானார். வீட்டை ஒழிக்கும்போது சமையலறை அலமாரியின் மேல்தட்டில் அந்த இரண்டு பாட்டில்களும் இருந்தன. சீல்கூடப் பிரிக்கவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த டை கட்டிய மனிதர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கடை வாடகை இல்லை, விளம்பரச் செலவு இல்லை. என் வரவு செலவில் அது பூஜ்யம்தான். ஆனால் காமர்ஸ் படித்தவனுக்கு முதல் வருடமே சொல்லிக்கொடுப்பது என்ன? பெறுபவர் கணக்கில் பற்று எழுது, தருபவர் கணக்கில் வரவு எழுது. இரட்டைப் பதிவு முறை. ஓர் இடத்தில் ஏதாவது வந்தால் இன்னோர் இடத்திலிருந்து அது போயிருக்க வேண்டும். ஒரு செலவு பூஜ்யமாகத் தெரிந்தால், அது நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. வேறு யாருடைய நோட்டிலோ அது எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். என் விஷயத்தில் அது குரோம்பேட்டை நோட்டு.

*

இந்தக் கேள்வி என் வீட்டில் மட்டும் எழுந்த ஒன்றல்ல. கம்ப்யூட்டர் வியாபாரம் தொடங்கிய காலத்திலிருந்தே இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கதை இல்லை, அமெரிக்கக் கதை. ஆனால் கேளுங்கள், பழக்கப்பட்ட கதையாகத்தான் இருக்கும்.

1978-ம் வருடம் மே மாதம். இன்டர்நெட்டின் பாட்டியான அர்ப்பாநெட் என்ற வலையில் சில ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள், பேராசிரியர்கள், ராணுவத்து ஆட்கள். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்பெனியின் விற்பனைப் பிரிவில் கேரி தூர்க் என்பவர் இருந்தார். கம்பெனி புதிதாகச் சில கம்ப்யூட்டர்களைக் கொண்டுவருகிறது. அர்ப்பாநெட்டில் சேர்வதற்கான மென்பொருள் உள்ளேயே இருக்கும். வாருங்கள், செய்து காட்டுகிறோம் என்று கலிஃபோர்னியா பக்கத்து ஆட்களை அழைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் போன் செய்வது யார்? அச்சடித்த டைரக்டரியிலிருந்து சுமார் 400 முகவரிகளை எடுத்து, எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிவிட்டார்கள். முகவரிகள் மேலே இருக்கும் இடத்தில் கொள்ளாமல் கடிதத்துக்குள்ளேயே வழிந்தன. முதல் பக்கம் முழுக்க வெறும் முகவரிகள்!

கோபம் கொந்தளித்தது. வலையை நிர்வகித்தவர்கள் கண்டித்தார்கள். ஆனால் பொருள் விற்றதா? விற்றது. ஒரு கோடி டாலருக்கு மேல் வியாபாரம் நடந்தது என்று தூர்க் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்று நம் மெயில் பெட்டியில் வந்து விழும் அத்தனை குப்பைக்கும் மூதாதை அந்த ஒரு கடிதம்தான். வரவு அவர் நோட்டில். பற்று? உங்கள் நோட்டிலும் என் நோட்டிலும். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது ஹாட்மெயில். 1996 ஜூலை 4-ம் தேதி தொடங்கியது. பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஆரம்பித்தது. பெரிய விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. முதலீடு செய்த டிம் டிரேப்பர் ஒரு யோசனை சொன்னார். உங்கள் மெயிலில் இருந்து போகும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'நீங்களும் ஹாட்மெயிலில் இலவச மெயில் பெறலாம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஸ்தாபகர்கள் முதலில் தயங்கினார்கள். ஒருவர் எழுதிய சொந்தக் கடிதத்தில் நாம் எப்படிக் கை வைப்பது? பிறகு ஒத்துக்கொண்டார்கள். ஒன்றரை வருடத்தில் சுமார் 1.2 கோடிப் பேர் சேர்ந்தார்கள். 1997 கடைசியில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. விலை 40 கோடி டாலர் என்று பேசப்பட்டது.

இந்த இரண்டு கதைகளையும் மருமகனிடம் சொன்னேன். அவன் கண்கள் பிரகாசமாகின. நான் எச்சரிக்கையாகச் சொன்னது அவனுக்குப் பாடமாகப் போய்ச் சேர்ந்தது.

"பாத்தீங்களா மாமா? ரெண்டுமே ஜெயிச்சிருக்கு!"

உண்மைதான். இதை மழுப்பக் கூடாது. ஒழுங்கீனமாக ஒரு வழியைப் பிடித்தவன் தோற்பான், நேர்மையாகப் போனவன் ஜெயிப்பான் என்று எழுதி முடித்துவிட்டால் எனக்கு வசதி. உங்களுக்கும் காலையில் மனசு குளிரும். ஆனால் அப்படி எந்த விதியும் இல்லை. ஜெயிப்பது வேறு, சரியாக இருப்பது வேறு. இரண்டும் ஒரே தெருவில் குடியிருக்கலாம். ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

பிறகு அவன் கேட்டதுதான் நியாயமான கேள்வி.

"அப்ப யார்கிட்டயும் எதுவும் சொல்லக் கூடாதா? நல்ல பொருளைச் செஞ்சுட்டு ரூம்லயே வெச்சுப் பூட்டிக்கணுமா? கீரைக்காரம்மா காலைல கத்திட்டுப் போறாங்களே, உங்க தூக்கத்தையும்தான் கெடுக்கறாங்க. அவங்களும் தப்பா?"

இதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காபி போட்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

*

காபி கலக்கும்போது தோன்றியது. கீரைக்காரம்மா தன் தொண்டையில் கத்துகிறார். வெயிலில் தானே நடக்கிறார். வேண்டாம் என்றால் அடுத்த வீட்டுக்குப் போகிறார். கீரை அழுகலாக இருந்தால் நாளைக்கு அதே தெருவில் என் முகத்தில் முழிக்க வேண்டும். அவருடைய விளம்பரத்தில் பெரும்பகுதி அவர் கணக்கில்தான் பற்று. என் தூக்கத்தில் இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறார், அதுவும் எனக்குத் தெரிந்தே.

தத்துவ மேதை இம்மானுவேல் கான்ட் 1785-ல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில் ஒரு விதி சொல்கிறார். மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே. இதில் முக்கியமான சொல் 'மட்டும்'. கருவியாகப் பயன்படுத்தவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால் பஸ் டிரைவரும் எனக்குக் கருவிதான், அவருக்கு நானும் கருவிதான். அந்த மனிதருக்கும் ஒரு விருப்பம் உண்டு, வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய் உண்டு என்பதை மறந்துவிடாதே என்கிறார். டி.வி. சத்தத்தை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தைக்கு அந்த வாயை நான் விட்டுவைக்கவில்லை.

அந்த டை கட்டிய மனிதர் எங்கே தப்புச் செய்தார் என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. "உறவுகள்தான் உங்கள் மூலதனம்" என்றார் அல்லவா? கணக்கில் அதுதான் பிழை. அத்தை என்மேல் வைத்திருந்த நம்பிக்கை என் மூலதனம் இல்லை. அது அத்தையுடைய பணம். என்னிடம் டெபாசிட்டாக இருந்தது. பேங்கில் நீங்கள் போடும் டெபாசிட்டை, பேங்க் தன் கணக்கில் எந்தப் பக்கம் எழுதும் தெரியுமா? சொத்துப் பக்கம் இல்லை. பொறுப்புப் பக்கம். திருப்பித் தர வேண்டிய கடன்.

'அதெப்படி, பேங்க் அந்த டெபாசிட்டை எடுத்து மற்றவர்களுக்குக் கடன் கொடுக்கிறதே' என்று நீங்கள் கேட்கலாம். கொடுக்கிறது. ஆனால் மூன்று விஷயங்கள் உண்டு. ஒன்று, அப்படிச் செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். இரண்டு, நமக்கு வட்டி தருகிறார்கள். மூன்று, கேட்டால் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். இந்த மூன்றும் இருக்கும்வரை அதற்குப் பேர் வங்கித் தொழில். மூன்றும் இல்லையென்றால் அதற்குப் பேர் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு புதுப் பொருளை விற்கக் கிளம்புகிறவன் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு வழியும் யாரோ ஒருவருடைய டெபாசிட் மேல்தான் போகிறது. ஒருவருடைய நேரம், ஒருவருடைய கவனம், ஒருவர் இன்னொருவர்மேல் வைத்த நம்பிக்கை. அதனால் எந்த வழி மலிவு என்று கேட்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் கேட்க வேண்டும். உரியவருக்குத் தெரியுமா? அவருக்கு ஏதாவது கிடைக்கிறதா? வேண்டாம் என்றால் விடுவாயா?

*

காபியோடு வந்து அட்டவணையை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டோம்.

கூகுள் விளம்பரம். தேடுகிறவர் தானாக வந்து கேட்கிறார். விளம்பரம் என்று மேலேயே எழுதியிருக்கிறது. பணம் இவன் பையிலிருந்து போகிறது. சுத்தமான வழி. ஆனால் கட்டுப்படியாகுமா? டிராப்பாக்ஸ் என்று ஒரு மென்பொருள் உண்டு, ஃபைல்களைச் சேமித்து வைப்பதற்கு. 2008-ல் வெளிவந்தபோது அதன் ஸ்தாபகர் ட்ரூ ஹூஸ்டன் இந்த வழியில்தான் முதலில் போனார். பொருளின் விலை வருடத்துக்கு 99 டாலர். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன விளம்பரச் செலவு 233 முதல் 388 டாலர் வரை! அப்படி ஒரு பொருள் இருப்பதே யாருக்கும் தெரியாது, அப்புறம் எப்படித் தேடுவார்கள்?

அவர்கள் பிறகு என்ன செய்தார்கள்? உங்கள் நண்பரைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கும் 250 எம்.பி. இடம் இலவசம், நண்பருக்கும் 250 எம்.பி. இலவசம். 2008 செப்டம்பரில் ஒரு லட்சமாக இருந்த கூட்டம் 2010 ஜனவரியில் 40 லட்சமானது. இதுவும் நட்பைப் பயன்படுத்துவதுதான். ஆனால் பேரம் இரண்டு பேருக்கும் தெரிந்தே நடக்கிறது. வட்டி இரண்டு பக்கமும் போகிறது. வேண்டாமென்றால் அழைப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம். நட்பு கெடாது. அத்தைக்கு நான் செய்ததற்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான்.

இரண்டாவது வரி, பென் டிரைவ் பட்டியல். இதற்கு மூன்று கேள்வியும் தேவையில்லை, முதல் கேள்வியிலேயே விழுந்துவிட்டது. சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம்தான் நகர்கிறது. வியாபார அழைப்புகள் வேண்டாம் என்று பதிவு செய்யும் வசதி நம் நாட்டில் 2007-ல் வந்தது. 1909 என்ற எண் அதற்குத்தான். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத்தான் நடுவில் வைக்கிறது. ஆனாலும் மத்தியானம் கண்ணசரும்போது லோன் வேண்டுமா என்று யாரோ கேட்கத்தான் செய்கிறார்கள். சட்டம் வேலி. ஒழுக்கம் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்வது.

மூன்றாவது, அந்தப் பட்டன். இதில்தான் அவன் விடாப்பிடியாக நின்றான்.

"மாமா, செக்ரட்டரி அவரே தொடறாரு. சம்மதம்தானே?"

இதே வாதம் கோர்ட்டுக்கே போயிருக்கிறது. லிங்க்ட்இன் நிறுவனத்தின்மீது 2013-ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். உறுப்பினர்களின் பெயரில் அவர்களுடைய தொடர்புகளுக்கு அழைப்பு போனது. பதில் வராவிட்டால் நினைவூட்டல், மறுபடியும் நினைவூட்டல். முதல் அழைப்புக்கு அவர்கள் சம்மதித்ததாகக் கொள்ளலாம், ஆனால் திரும்பத் திரும்ப அவர்கள் பெயரில் அனுப்பிய நினைவூட்டல்களுக்குச் சம்மதித்ததாகச் சொல்ல முடியாது என்ற ரீதியில் நீதிபதி பார்த்தார். 2015-ல் 1.3 கோடி டாலர் கொடுத்துச் சமரசமானார்கள். ஒரு தடவை தலையாட்டியதை ஆயுள் சந்தாவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அதில் உள்ள பாடம்.

நான் அவனிடம் கேட்டது இன்னும் எளிமையானது. "செக்ரட்டரி போன்ல இருக்கற நம்பர் எல்லாம் யாரோடது?"

"அவரோட..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

அவருடையது இல்லை. பிளம்பருடையது, பெண்ணின் டீச்சருடையது, சம்பந்தியுடையது, பிரிந்துபோன பழைய நண்பனுடையது. ஒரு காரியத்துக்காக அவரிடம் கொடுத்துவைத்தது. எல்லாம் டெபாசிட். வேறொருவர் தங்கள் டெபாசிட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர் எப்படிச் சம்மதம் தர முடியும்?

"இன்னொண்ணும் யோசி. உன் சாஃப்ட்வேர் என்ன வேலை செய்யப் போகுது? 120 குடும்பத்தோட போன் நம்பர், யார் பாக்கி வெச்சிருக்காங்க, யார் வீட்ல வாடகைக்கு இருக்காங்க, எல்லாத்தையும் நம்பி உங்கிட்ட ஒப்படைக்கணும். திருட்டு நம்பர்ல போன் பண்ணி, 'உங்க நம்பரை எங்கிட்ட பத்திரமா வைங்க'ன்னு கேப்பியா?"

அவன் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது வரியை அழித்தான். இரண்டாவதையும்.

நான்காவது, செக்ரட்டரிக்கு அன்பளிப்பு. இதற்கு ஒரே ஒரு பரீட்சைதான். அசோசியேஷன் பொதுக்குழுவில் எழுந்து நின்று, "இந்த சாஃப்ட்வேரைச் சிபாரிசு செய்ததற்கு எனக்கு இவ்வளவு கிடைக்கிறது" என்று செக்ரட்டரி சொல்வாரா? சொன்னால் அது கமிஷன். சொல்லாமல் வாங்கினால் அதற்கு வேறு பெயர். அதையும் அழித்தான்.

அட்டவணையில் மிச்சமிருந்தது இரண்டு வரி. கூகுள். அப்புறம் மாமா.

*

என் பக்கத்தில் எழுதினால் என்ன? நானும் யோசித்தேன். சபலம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவன் சொல்லவில்லை, ஆனால் அக்காவின் நான்கு வளையல் அடகுக் கடையில் இருப்பது எனக்குத் தெரியும். 'இது என் அக்கா மகன் செய்தது' என்று உடைத்துச் சொல்லியே எழுதலாம். அப்போது உங்களுக்குத் தெரிந்துதானே எழுதுகிறேன்? வேண்டாமென்றால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாமே?

ஆனால் இந்தப் பக்கம் யாருடையது? இதே பத்திரிகையில் இதே அளவு இடத்தை விளம்பரப் பிரிவு காசுக்கு விற்கிறது. ஆசிரியர் எனக்கு இதைக் கொடுத்தது அதற்காக இல்லை. நீங்கள் வாரா வாரம் இந்தப் பக்கத்துக்கு வருவதும் சோப்புத் தூள் வாங்குவதற்கு இல்லை. ஒரு தடவை வாங்கிவிடுவீர்கள், அத்தை மாதிரி. அடுத்த தடவை நான் ஏதாவது ஒன்றைப் பாராட்டி எழுதும்போது, உங்கள் கண் முதலில் என் பையைப் பார்க்கும்.

"முடியாதுடா" என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கு மாசச் சம்பளம் வருது மாமா, நியாயம் பேசறீங்க. எனக்கு ஆறு மாசத்துக்குத்தான் காசு இருக்கு. இதே சாஃப்ட்வேரை இன்னொருத்தன் செஞ்சு, அந்தப் பென் டிரைவை வாங்கி, என்னை முந்திட்டுப் போயிடுவான்."

போகலாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நேர்மைக்கும் ஒரு விலை உண்டு, அதை அவன்தான் கொடுக்கப் போகிறான், நான் இல்லை. அறிவுரை சொல்கிறவர்கள் எல்லோரும் மறந்துபோகிற கணக்கு இது. அதனால் நான் என் கணக்கிலும் கொஞ்சம் பற்று எழுத வேண்டும் என்று தோன்றியது. அக்காவின் வளையலை மீட்கும் பொறுப்பு என்னுடையது என்றேன். "நீ சம்பாதிச்சுத் திருப்பிக் குடு. இல்லேன்னா நான் மாமா, நஷ்டக் கணக்குல எழுதிக்கறேன்."

அப்புறம் அவனுக்கு டேலி கதையைச் சொன்னேன். 1986-ல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா தன் வியாபாரத்துக்குச் சரியான கணக்கு மென்பொருள் கிடைக்கவில்லை என்று தன் மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். அதுதான் டேலி. நான் வேலை தேடிய காலத்தில் 'டேலி தெரியுமா?' என்று கேட்காத கணக்கு வேலை கிடையாது. அதைக் கடைக்காரர்களிடம் கொண்டு சேர்த்ததில் பெரிய பங்கு கணக்கு எழுதுகிறவர்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் உண்டு. தினம் அதில் வேலை செய்கிறவர்கள். சரியில்லாததைச் சிபாரிசு செய்தால் மார்ச் மாதம் அவர்கள்தான் உட்கார்ந்து அழ வேண்டும். நம்பிக்கையைக் கடன் கொடுக்கிறவருக்கே நஷ்டமும் வரும் என்றால், அவர் யோசித்துத்தான் கொடுப்பார். அது பத்திரமான வழி.

இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் அசோசியேஷன் மீட்டிங்குகளில் போய் நிற்கிறான். ஒப்புக்கொண்ட இடத்தில் கால் மணி நேரம் போட்டுக் காட்டுகிறான். சில இடத்தில் உட்காரச் சொல்கிறார்கள், சில இடத்தில் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுகிறார். பல அசோசியேஷன்களுக்குக் கணக்குத் தணிக்கை செய்யும் ஓர் ஆடிட்டர், பிடித்துப்போய் இரண்டு இடங்களில் சொல்லியிருக்கிறார். இதுவரை ஒன்பது அசோசியேஷன். அவன் கணக்குப்படி ஆறு மாதம் முடிவதற்குள் நாற்பது வேண்டும். வருமா, தெரியவில்லை. வந்தால் இந்தக் கட்டுரை சரி, வராவிட்டால் தப்பு என்று அர்த்தமில்லை.

இதை எழுதுவதற்கு முன்னால் அவனுக்குப் போன் செய்தேன். அவன் கதையைத்தானே எடுத்து என் பக்கத்தை நிரப்புகிறேன்? பெயர் போட மாட்டேன், மென்பொருளின் பெயரும் வராது, எழுதலாமா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எழுதுங்க மாமா" என்றான். அப்புறம், "எனக்கு வட்டி?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவனோடு ஒரு மீட்டிங்குக்குப் போகிறேன். லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு.